கத்தரி வெயிலில் டயர் காற்றைக் குறைக்கலாமா?

"அக்னி நட்சத்திரம் தொடங்கினால் எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் கார் டயரில் காற்றைக் குறைத்தே அடிக்கிறார். வெயிலுக்குக் காற்று விரிந்து டயர் வெடித்துவிடுமாம். அவர் சொல்வது சரிதானா?" என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரியில்லை. சொல்லப்போனால், டயர் வெடிக்க வழி செய்வதே அந்தக் குறைப்புதான். என் அப்பாவும் சித்திரை பிறந்தால் இப்படித்தான் காற்றை இறக்கிவிடுவார். அதனால் இந்தக் கேள்வியை ஒரே வரியில் முடிக்க எனக்கு மனமில்லை.

காற்று சூடானால் அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு கூடும்? காலையில் 27 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) அடித்த டயர், ஓடி ஓடி 57 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டாத வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐயும் சேர்த்து, கெல்வினில் கணக்குப் போட்டால் மீட்டர் ஏறக்குறைய 38 காட்டும். ஐந்து கூடுகிறது, அவ்வளவுதான். பல கார் டயர்களின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு 44 அல்லது 51. நல்ல டயர் அதற்கு மேலும் வெகுவாகத் தாங்கும். கார்த் தயாரிப்பாளர் சொல்லும் குளிர்ந்த நிலை அளவே இந்த ஏற்றத்தையும் எதிர்பார்த்துத் தரப்படுவதுதான்.

அப்படியானால் நாற்கரச் சாலையோரம் கிழிந்து கிடக்கும் கறுப்புப் பட்டைகள் எப்படி வந்தன? சூட்டால்தான். ஆனால் அதில் பெரும்பங்கு டயர் தனக்குள் தானே உண்டாக்கிக்கொண்ட சூடு. வெயில் அதற்குத் துணை போகிறது.

வீட்டில் அகலமான ரப்பர் பேண்ட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் ஆறவிட்டு, பிறகு தளர்த்தி வைத்தால் சில்லென்றிருக்கும். இங்கிலாந்தின் ஜான் கஃப் 1805-ல் இதை எழுதி வைத்தார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. உதட்டையே வெப்பமானியாக வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ரப்பர் என்பது இடியாப்பம்போல் சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்ட வழி அது. இழுக்கும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரித்தூளோடும் உரசுகின்றன. விடும்போது ரப்பர் குளிர்ந்தாலும், கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி சூடாக உள்ளேயே தங்கிவிடுகிறது. காந்தத் தயக்கம் என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்களே, அதே தயக்கம்தான். ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்பத் தயங்குகிறது, அந்தத் தயக்கத்துக்கான விலை வெப்பம்.

இனி டயருக்கு வருவோம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை என்று கொள்ளுங்கள். 33 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. ஆக, டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், ஒரு கை அளவுதான். காற்று 22-க்கு இறங்கினால் அது 195-ஐ நெருங்கும். இவ்வளவு கூடுதலாகத் தரையில் படிய வேண்டுமென்றால் பக்கச்சுவர் அதற்கேற்ப மடங்கித்தானே ஆக வேண்டும்! சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள டயர், 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினைந்து சுற்று சுற்றுகிறது. மணிக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அது வெளியே போக வழியில்லாமல் உள்ளே சேர்கிறது.

டயருக்குள் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டை இருக்கிறது. எஃகோடு ரப்பர் எளிதில் ஒட்டாது. அதனால் கம்பிக்கு மெல்லிய பித்தளைப் பூச்சு கொடுக்கிறார்கள். பித்தளையிலுள்ள செம்பும் ரப்பரிலுள்ள கந்தகமும் வினைபுரிந்து இரண்டையும் கட்டிப் பிடிக்கின்றன. டயரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூடு ஏற ஏற, பட்டையின் ஓரத்தில் இந்தப் பிடிப்பும் அதைச் சுற்றியுள்ள ரப்பரும் தளர்கின்றன. சிறு விரிசல் விழுந்து, வளர்ந்து, ஒருநாள் மேல்தோல் அப்படியே உரிந்து போகிறது. சாலையோரம் கிடப்பது அதுதான்.

அமெரிக்கா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. தோல் உரிந்து நடந்த விபத்துகளில் அங்கே 271 பேர் இறந்ததாக அரசு கணக்கிட்டது. டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை சொல்லப்பட்டது. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. போதாது, 30 வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் வாதிட்டது. டெக்சஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற சூடான மாநிலங்களில்தான் விபத்துகள் மிகுதி. அதன்பின் வந்த சட்டத்தால், 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். இங்கும் விலை குறைந்த மாடல் உட்பட எல்லாக் காரிலும் அந்த விளக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் வகை டயர் எப்போதும் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும், காற்று குறைவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரிகின்றன. காசு கொடுத்து நைட்ரஜன் அடித்துவிட்டு மூன்று மாதம் டயரையே பார்க்காதவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம். பயணத்துக்கு முன் டயரடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே குனிந்திருக்கும்போதே டயரையும் ஒரு பார்வை பாருங்கள். பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ உண்டா? பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு இலக்கம் என்ன? 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர்.

மதுரை வாசகருக்கு: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். காலையில் வண்டி நகர்வதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்த்து, அதே அளவுக்கு அடியுங்கள். சித்திரையானாலும் மார்கழியானாலும் அதே அளவுதான். அப்புறம், திருச்சியில் டீ குடிக்க நிறுத்தும்போது மீட்டர் 38 காட்டினால், காற்றை இறக்கிவிடாதீர்கள்.