அனாமலி: ஒழுங்கின்மையா, பிறழ்வா?

‘காந்த ஒழுங்கின்மை உள்ள இடத்தில் தாது இருக்கலாம்’ என்னும் வகை வாக்கியத்தை நிலவியல் மொழிபெயர்ப்புகளில் பலமுறை படித்துச் சலித்தபின் இதை எழுதுகிறேன்.

‘ஒழுங்கின்மை’ என்று அவற்றில் பெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் அனாமலி (anomaly); அது கிரேக்க வழிச் சொல். சமம் எனப் பொருள்படும் ‘ஹோமலோஸ்’ என்பதன்முன் எதிர்மறை ஒட்டுச் சேர்ந்து சமமின்மையைக் குறித்தது. நெறியைக் குறிக்கும் ‘நோமோஸ்’ இதன் வேர் என்பது தவறான எண்ணம்; ‘ஒழுங்கின்மை’ அந்தத் தவறிலிருந்தே பிறந்ததோ என்பது என் ஐயம்.

வேர் கிடக்கட்டும், பொருளும் பொருந்தவில்லை. புவி இயற்பியலில் அனாமலி என்பது கழித்தபின் நிற்கும் மீதி. ஓரிடத்தில் அளந்த ஈர்ப்பிலிருந்து, அகலாங்கு, உயரம், கடல்மட்டத்துக்கும் அவ்விடத்துக்கும் இடைப்பட்ட பாறையின் நிறை ஆகியவற்றைக்கொண்டு கணித்த ஈர்ப்பைக் கழித்தால் எஞ்சுவதை மில்லிகல் என்னும் அலகில் சொல்கிறோம். ஒரு மில்லிகல் புவியீர்ப்பில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெருமலைத் தொடர்களில் இந்த மீதி குறையாக வருவதற்குக் காரணம், அடர்த்தி குறைந்த மேலோடு அவற்றின் அடியில் தடித்திருப்பதுதான். கடல்தளத்தில் காந்த மீதி மிகையும் குறையுமாக மாறிமாறிப் பட்டைகளாக ஓடுவதை வைத்தே 1963இல் புவி இயற்பியலாளர்கள் வைனும் மேத்யூஸும் கடல்தள விரிவுக்கு, அதாவது கடல்தளம் நடுவில் பிளந்து இருபுறமும் விலகி வளர்வதற்கு, சான்று காட்டினர். வரிவரியாக ஓடும் அந்தச் சீருக்கு ஒழுங்கின்மை என்று பெயர் வைப்பது வேடிக்கை.

‘முரண்பாடு’ என்பாரும் உண்டு. அடர்ந்த பாறை கூடுதலாக இழுப்பது எதனோடு முரண்படுகிறது? தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் தாதுப்படிவு 300 மீட்டருக்கும் மேற்பட்ட படிவுப் பாறையின் அடியில் மறைந்திருந்தது. ஈர்ப்பு மிகையும் காந்த மிகையும் சேர்ந்து தெரிந்த இடத்தில் துளையிட்டுத்தான் 1975இல் அதைக் கண்டார்கள். அங்கே இரண்டும் ஒத்துப்போனதே துப்பு.

‘விலகல்’ எனக்குப் பிடித்த சொல்தான்; ஆனால் காந்தவியலில் ஊசியின் திரும்பலுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஆகவே ‘பிறழ்வு’ என்பதே என் தேர்வு. நெறிபிறழ்தல் என்னும் வழக்கால் அதில் குற்றத்தின் சாயல் உண்டு என்பார்கள். நீரில் மீன் துள்ளிப் புரள்வதையும் கயல் பிறழ்வதாகவே சொல்கிறோம், அதில் மீனின் குற்றம் ஏதுமில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் சர்வேயையும் ‘கணக்கெடுப்பு’ ஆக்கி, பாறைகளைத் தலையெண்ண வைக்கிறார்கள். அளவாய்வு என்ற சொல் இருக்கிறது. ‘ஈர்ப்பு அளவாய்வில் பிறழ்வு தெரிந்தது’ என்று எழுதினால், அளந்தது எது, கிடைத்தது எது என்ற குழப்பமே எழாது.