எழுதுகிறவருக்கு எத்தனை குறிப்புச் செயலி வேண்டும்?

பிரதி திருத்துவது என் தொழில். அதனால் எழுதுகிறவர்களின் கணினிக்குள் எட்டிப் பார்க்க அடிக்கடி வாய்க்கும். "குறிப்பெல்லாம் ரெடியா இருக்கு சார், உட்கார்ந்து எழுதணும், அவ்வளவுதான்" என்பார்கள். திறந்து பார்த்தால் கூகுள் கீப் செயலியில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது கொஞ்சம், கேலரியில் புத்தகப் பக்கங்களின் படம், நோஷன் செயலியில் கலர் கலராக ஓர் அட்டவணை. அட்டவணை மட்டும் அழகாக இருக்கும்.

இப்படிக் குறிப்பு சேர்க்கும் ஆர்வத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நிக்லாஸ் லூமான் இருக்கிறார். ஜெர்மன் சமூகவியலாளர், 1950களில் தொடங்கிச் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகள் எழுதிச் சேர்த்தவர். பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றிவருகிறது. நம் ஆட்கள் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவரிடம் இருந்தது காகிதம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண், தொடர்புள்ள சீட்டின் எண், ஒரு சொல்லடைவு. அவ்வளவுதான். ஆப்சிடியன் என்ற செயலியில் குறிப்புகளை இணைக்கும் அந்த வலைப்படம் பார்க்க ஜோராக இருக்கிறது. அதிலிருந்து ஒரு பத்தி பிறந்து நான் பார்த்ததில்லை.

குறிப்பு எழுதும்போதே பாதிக் கட்டுரை எழுதியாக வேண்டும். "மேட்டூர், 1934, நந்தி, பார்க்க" என்று ஒருவர் குறித்து வைத்திருந்தார். எதைப் பார்க்க? அவருக்கே தெரியவில்லை. இதையே, "மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. நீர் நன்றாக இறங்கும்போது, நீர்த்தேக்கப் பகுதியான பண்ணவாடியில் பழைய நந்தி சிலை வெளியே தெரியும். ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிய பகுதியை இங்கிருந்து தொடங்கலாம்" என்று எழுதி, எங்கே படித்தோம், எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அப்படியே வரைவில் ஒட்டியிருக்கலாம். கடைசி வாக்கியம்தான் முக்கியம். தகவல் கூகுளில் திரும்பக் கிடைக்கும். அன்றைக்கு நமக்கு ஏன் அது பிடித்தது என்பது கிடைக்காது.

அடுத்து, தேடல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தரும் யோசனைகள் நமக்குக் கைகொடுக்காத இடம் இது. தமிழில் சொல் உருமாறிக்கொண்டே இருக்கும், பெரும்பாலான செயலிகளோ எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடும். "ஆறு" என்று தேடினால் ஆற்றில், ஆற்றங்கரை எதுவும் வராது. "ஆற" என்று தேடினால் எல்லாம் வரும், ஆறுதலும் கூடவே வரும். "மர" என்று போட்டால் மரம், மரத்தடி, மரங்கள், அப்புறம் மரபு, மரணம்! காவிரி என்று ஒரு நாள் எழுதியிருப்போம், காவேரி என்று ஒரு நாள். ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடலில் சிக்கமாட்டார். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது யூனிகோட் தேடலில் வரவே வராது.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று. குறிப்பின் அடியில் ஒரு வரி விட்டு, வேற்றுமை உருபு ஏதும் சேர்க்காமல் நாலைந்து சொற்களைப் போட்டுவையுங்கள்: காவிரி, காவேரி, அணை, ஆறு, இடப்பெயர்வு. பிறகு எந்தச் சொல்லால் தேடுவோம் என்று யோசித்துப் போட வேண்டும். மேட்டூர் குறிப்பில் இடப்பெயர்வு என்ற சொல்லே கிடையாது, ஆனால் அந்தச் சொல்லோடுதான் வந்து தேடுவோம். இதற்கு மேல் கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று போக வேண்டியதில்லை. புதிதாக வருவது ஓரிடம், எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு ஒன்று, முடிந்தது ஓரிடம், போதும்.

எந்தச் செயலி? எதுவானாலும் சரி, எல்லாவற்றையும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் எவர்நோட் என்ற குறிப்புச் செயலி இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்புக் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களின் பழைய குறிப்புகள் பத்திரமாகவே இருந்தன, ஆனால் காசு கட்டாமல் புதிதாகச் சேர்க்க முடியவில்லை. அவர்கள் கடை, அவர்கள் விலை.

"ஏற்கெனவே சேர்ந்துகிடக்கும் ஆயிரக்கணக்கான குறிப்புகளை என்ன செய்வது?" என்று தவறாமல் கேட்பார்கள். அடுக்க உட்காராதீர்கள், உட்கார்ந்தால் அந்த வருடம் கட்டுரை வராது. பாமினியில் இருப்பதை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மொத்தத்தையும் "பழையது" என்று ஒரே கோப்புறையில் போடுங்கள். தேடும்போது ஏதாவது அகப்பட்டால், அந்த ஒன்றை மட்டும் முழு வாக்கியமாகத் திருத்தி எழுதி இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள்.