கிரையோதெரபி: குளிர் சிகிச்சை

கிரையோதெரபி என்ற சொல் இரண்டு கிரேக்க வேர்களால் ஆனது: முதல் வேர் உறைபனியையும் கடுங்குளிரையும் குறிப்பது, இரண்டாவது, பணிவிடை என்ற பொருளில் தொடங்கி நோயாளியைப் பேணுதல், குணப்படுத்துதல் என விரிந்தது. பளிங்கைக் குறிக்கும் கிறிஸ்டல் என்ற சொல்லும் முதல் வேரைச் சேர்ந்ததே.

மருத்துவத்தில் இச்சொல் ஒன்றுக்கொன்று முரணான இரு முறைகளைச் சுட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட், ஐஸும் உப்பும் கலந்த கலவையால் புற்றுக்கட்டிகளை உறையச் செய்தார். இன்று தோல் மருத்துவர்கள் திரவ நைட்ரஜனைக் கொண்டு மருக்களை அழிப்பது அதன் தொடர்ச்சி. அங்கே திசு சாக வேண்டும். இயன்முறை மருத்துவத்திலோ திசு உறைந்துவிட்டால் அதுவே புதிய காயம். ஆகவே தமிழில் 'உறைய வைக்கும் சிகிச்சை' என்று பெயரிட்டால் அது முன்னதற்கு மட்டுமே பொருந்தும்.

சுளுக்கிய கணுக்காலிலோ அறுவை முடிந்த முழங்காலிலோ ஈரத்துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 20 நிமிடம் வைக்கும்போது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நரம்பு வழியே வலியுணர்வு கடக்கும் வேகம் குறைகிறது, தசைப்பிடிப்பும் தளர்கிறது. நோயாளிக்கு முதலில் சில்லென்றிருக்கும். பிறகு எரிச்சலும் குடைச்சலும் தோன்றி, முடிவில் மரத்துப்போகும். குளிர் பட்டால் விரல் வெளுக்கும் ரெய்னாட் நோய் உள்ளவர்களுக்கும், தொடுவுணர்வு இழந்த இடத்திலும் இது ஆகாது.

தமிழில் 'தண் மருத்துவம்' என்று ஆக்கலாம். ஆனால் தண்ணிழல், தண்ணளி எனப் பழகிய அந்த அடைமொழி, பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டிய இந்தக் குளிருக்கு மிகவும் இதமானது. 'குளிர் சிகிச்சை' என்பதே பொதுப்பெயராகத் தக்கது. ஓரிடத்தில் மட்டும் வைப்பதற்கு மக்கள் சொல்லும் 'ஐஸ் ஒத்தடம்' போதும்.

சிகிச்சை என்ற சொல்லைக் கண்டு குளிரே காயத்தை ஆற்றுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் 1978-இல் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளாலான 'ரைஸ்' (RICE) என்ற சுருக்கப்பெயரில் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் எழுதினார். வலியைத் தணித்து அசைவுக்கு வழிவிடுவதே குளிரின் வேலை. மரத்துப்போனதும் மூட்டை மெல்ல இயக்கச் செய்யும் முறைக்குக் கிரையோகைனெடிக்ஸ் என்று தனிப்பெயர் உண்டு. அதைக் 'குளிர்வழிப் பயிற்சி' எனலாம்.