கறளும் மண்ணெண்ணெயும்: வன்னியில் ஓடிய லாண்ட் றோவரை மீட்டெடுத்தல்

பற்றைக்குள் பல வருடம் கிடந்த லாண்ட் றோவர் ஒன்று விலைக்கு வந்தால், வாங்கப் போகிறவர் முதலில் கதவைத் தட்டிப் பார்ப்பார். "அலுமினியம் தானே, கறள் பிடிக்காது" என்று விலை பேசத் தொடங்குவார். அது பாதி உண்மை. 1948இல் முதல் லாண்ட் றோவர் வெளிவந்தபோது போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் மேற்தகடுகளை, மக்னீசியம் கலந்த பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலப்பில் அடித்தார்கள். அந்தத் தகடுகளைத் தாங்கி நிற்கும் செஸி உருக்கு. எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட்டும் உருக்கு. வண்டி சாவது அங்கேதான். பெயின்ற் அடித்து மினுக்கிய கதவு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த செஸி, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடுகளை வெல்டிங்கில் ஒட்டிச் செய்த பெட்டிக் குழல். உள்ளே வெறுமை. வயர் போக, நீர் வடிய என்று அதில் துளைகள் உண்டு. மாரியில் வயலுக்குள் இறங்கி ஏறும்போது சேறு அந்தத் துளைகளால் உள்ளே போகும். போன சேறு வெளியே வராது. கோடையில் காய்ந்து கட்டியாகும், அடுத்த மாரியில் மறுபடி ஊறும்.

ஊறிய சேற்றுக்கு அடியில் நடப்பது ஒரு சின்னப் பற்றறியின் வேலை. நனைந்த இரும்பு ஓரிடத்தில் இலத்திரனை விட்டுக் கரைகிறது. இன்னோரிடத்தில் நீரில் கரைந்த ஒட்சிசன் அந்த இலத்திரனை வாங்கிக்கொள்கிறது. சேற்றின் விளிம்புக்கு ஒட்சிசன் தாராளமாக எட்டும், சேற்றின் அடிக்கு எட்டாது. ஆகவே விளிம்பு வாங்கும் பக்கமாகவும், அடி கரையும் பக்கமாகவும் பிரிந்துவிடுகின்றன. கறள் சேற்றின் ஓரத்தில் தெரியும், ஓட்டை சேற்றுக்கு அடியில் விழும். நந்திக்கடல் ஓரத்திலோ மன்னார்க் கரையிலோ ஓடிய வண்டியென்றால் உப்பும் சேர்ந்திருக்கும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் அதே வேலை இன்னும் விரைவாக நடக்கும்.

செஸியைச் சோதிக்கச் சின்னச் சுத்தியல் ஒன்று போதும். வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு, பின்பக்கக் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள், பின் வில்லுகள் தொங்கும் இடத்துக்கு மேற்பகுதி ஆகியவற்றை ஒவ்வோர் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல உருக்கு கணீரென்று பேசும். உள்ளே தின்னப்பட்ட தகடு மொத்தென்று அமுங்கிய சத்தம் தரும். கருப்பு அண்டர்சீல் தடிப்பாகப் பூசிய செஸியில் கூடுதல் கவனம் வேண்டும், பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் நின்றிருக்கும்.

வெட்டி ஒட்டுமுன் பற்றறியையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். செஸியைச் சமமட்டத்தில் நிறுத்தி, குறுக்கே இரும்புக் கோணம் பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். இந்த அளவை எடுக்காமல் வெட்டிய செஸி முறுகினால் வண்டி பிறகு ஒருபோதும் நேரே ஓடாது. கறள் தின்ற தகட்டின் மேலே புதுத் தகடு வைத்து ஒட்டுவது வேலையே அல்ல. வெல்டிங் பிடிக்க நல்ல உருக்கு வேண்டும், நடுவில் அகப்பட்ட கறள் தொடர்ந்து தின்னும். வெளிச்சம் பட்டு மின்னும் உலோகம் வரும்வரை வெட்டி, 2 மில்லிமீற்றர் தகடு வைத்து, இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாறி மாறி ஒட்டினால் சூட்டில் வளையாது.

ஒட்டு முடிந்தபின், வசதியுள்ளவர்கள் செஸி முழுவதையும் 450 பாகை செல்சியஸ் அளவிலுள்ள உருகிய நாகத்தில் (சிங்க்) தோய்த்தெடுக்கலாம். நாகம் இரும்புக்கு முந்திக் கரைந்து இரும்பைக் காக்கும். அதற்கு அனுப்புமுன் பெட்டிக் குழலின் ஒவ்வோர் அறைக்கும் காற்றுப் போகவும் நாகம் வடியவும் துளையிட வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். அந்த வசதி இல்லையென்றால், ஆவணி புரட்டாசியில் செஸி நன்றாகக் காய்ந்திருக்கும்போது உள்ளே மெழுகுப் பூச்சைப் பீய்ச்சலாம். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் செய்தால் இதுவும் நன்றாகவே காக்கும்.

சேகரிப்பாளர் மறக்கக்கூடாத ஒன்று: செஸி இலக்கம் அடித்த பகுதியை வெட்டவோ அரைக்கவோ வேண்டாம். பல வண்டிகளில் அது வலது முன் வில்லுத் தாங்கியில் இருக்கும். செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால், எவ்வளவு அழகாக மீட்டெடுத்தாலும் வண்டியைச் சட்டப்படி றோட்டில் விடுவது பெரும்பாடு.

அலுமினியத்துக்கும் நோய் உண்டு. உருக்கைத் தொட்டபடி ஈரத்தில் இருந்தால் இந்தச் சோடியில் அலுமினியமே கரையும் பக்கம். பெயின்ற் பொருக்குவிட்டு அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான். இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவே நாடா ஒட்டி, நைலோன் வாசர் வைத்து, நாகம் பூசிய போல்ற்றால் பூட்டுங்கள். கறள் பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ற் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புக் காற்றில் அந்தப் போல்ற் அப்படியே இருக்கும், அதைச் சுற்றிய தகடு தேயும்.

வன்னி வண்டிகளின் தகட்டில் ஷெல் சிதறல் துளைகளும் இருக்கும். ஓரங்கள் பூவிதழ் போல வெளியே விரிந்து, அவற்றிலிருந்து மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். வெடிப்பு நிற்கும் நுனியில் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் மேலே ஓடாது, நுனியில் குவியும் இழுவை வட்டத்தைச் சுற்றிப் பரவிவிடும். பிறகு இதழ்களை மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் படியவைத்து, உட்பக்கம் அதே வகை அலுமினியத் துண்டு வைத்து றிவெற் அடிக்கலாம். பசை மட்டும் அப்பினால் செம்மண் றோட்டின் அதிர்வில் உதிர்ந்துவிடும். துளையை மூடுவதா விடுவதா என்பதை உரிமையாளர்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் தடம் தெரியாமல் மறைப்பதைவிட, வெடிப்பை நிறுத்தி அப்படியே விடுவதுதான் அந்த வண்டிக்கு நேர்மையான வேலை என்பது எங்கள் கருத்து.

இனி எஞ்சின். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்த பெற்றோலைச் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். அதனால் சூடேறிய குழாய் இல்லாமல் அது துளியாகவே சிலிண்டருக்குள் போகும். லாண்ட் றோவரின் சிரீஸ் 2 என்ற வகை வண்டியின் 2286 சி.சி. பெற்றோல் எஞ்சின் இதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் 7:1 என்ற குறைந்த சுருக்க விகிதம். கூடுதலாகச் சுருக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் தீப்பொறிக்கு முன்னும் பின்னும் தானாகவே பற்றி, பிஸ்ரனின் வளையப் பள்ளங்களை உடைத்துவிடும்.

தாங்கியது என்றாலும் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். சுவர் தேயும், கீழேயுள்ள ஒயில் நீர்த்துப் போகும், அந்த ஒயிலை நம்பியிருக்கும் பெயறிங்குகளும் தேயும். மீட்டெடுப்பவர் இதைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுக்க மிதித்து அமுக்கத்தை அளக்கவும். சிலிண்டர்களுக்கிடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கவும். அமுக்கம் ஏறினால் பிஸ்ரன் வளையமும் சுவரும் தேய்ந்தவை, ஏறாவிட்டால் குறை வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் தூக்கியபின் நகம் போதும். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை மேல்நோக்கி இழுத்தால் ஒரு படியில் தட்டும். வளையம் எட்டாத மேற்பகுதி தேயாமல் நின்றதால் வந்த படி அது. மூல விட்டம் 90.47 மில்லிமீற்றர். மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்து பார்த்துத்தான் துளை பெருப்பிப்பதைத் தீர்மானிக்க வேண்டும். படியை விட்டுவிட்டுப் புது வளையம் மட்டும் போட்டால், மேல் வளையம் அந்தப் படியில் மோதி உடையும். காசு மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினை இரண்டாம் முறை கழற்றும் வேலை இது.

புது எஞ்சினுக்கு வடிகட்டியோடு ஏறத்தாழ 7 லீற்றர் ஒயில் பிடிக்கும். வால்வு இடைவெளி 0.010 அங்குலம், தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2. முதல் 800 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றிவிடுங்கள், வளையம் படியும்போது உதிர்ந்த உலோகத் துகள் எல்லாம் அதில்தான் இருக்கும். 1967க்கு முந்திய வண்டிகளில் பற்றறியின் நேர்முனை செஸியில் பூட்டியிருக்கும். பார்க்காமல் மாற்றிப் பூட்டினால் டைனமோவைப் பாழாக்கலாம்.

மீட்டெடுத்த வண்டியைப் புது உரிமையாளர் உடைப்பது பெரும்பாலும் கியர் லீவருக்குப் பக்கத்திலுள்ள மஞ்சள் குமிழால். அதை அமுக்கினால் முன் சில்லுகளுக்கும் இழுவை போகும். திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட வளைவில் ஓடுகின்றன, இந்த வண்டியில் அந்த வித்தியாசத்தை விழுங்க நடுவே டிஃபரென்ஷல் என்ற, முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்லுப் பெட்டி கிடையாது. சேற்றிலும் மணலிலும் சில்லு சற்றே சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். ஏ9 தார் றோட்டில் சறுக்க முடியாது. தண்டுகள் முறுக்கேறி, பல்லுகள் இறுகி, ஸ்ரியறிங் பாரமாகும். அப்படி இறுகினால் பலத்தைப் போட வேண்டாம். வண்டியை நிறுத்தி, சில அடி நேரே பின்னால் எடுத்து முறுக்கைத் தளர்த்துங்கள். பிறகு நின்றபடியே தாழ்கியருக்கு மாற்றும் சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னே இழுத்து மறுபடி முன்னே தள்ளினால், மஞ்சள் குமிழ் டக்கென்று தானாகவே மேலே எழும்பும்.