முட்டி தட்டுது டாக்டர்!

திங்கட்கிழமை ஓ.பி. என்றால் பதினொரு மணிக்கு மேல் எனக்குத் தொண்டை கட்டிவிடும். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் மூன்றரை வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டியும் அம்மாவும் வந்தார்கள். பாட்டி உட்காரக்கூட இல்லை. "டேய், டிரவுசரத் தூக்கிப் புடிச்சிட்டு டாக்டருக்கு நேரா நில்லு" என்றார். நின்றான். இரண்டு முட்டியும் ஒட்டிக்கொள்ள, கணுக்கால்கள் விலகி நின்றன. டேப் வைத்துப் பார்த்தேன், 5 சென்டிமீட்டர் இடைவெளி.

"முட்டி தட்டுது டாக்டர். குளிக்க ஊத்தறப்பவே கால நல்லா நீவி விடுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், இவ கேட்டாத்தானே" என்றார் பாட்டி. அந்தப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டில் இது எத்தனை நாள் பேச்சு என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நான் எக்ஸ்ரே எழுதுவதற்கு முன்னால் கேட்பது செல்போனை. "முதல் பிறந்த நாள் போட்டோ இருக்காம்மா?" இருந்தது. கேக்குக்கு முன்னால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கால் இரண்டும் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருக்கின்றன. இப்போது இருப்பதற்கு நேர் எதிர்! பாட்டி போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் கால்களும் இந்த வழியாகத்தான் வருகின்றன. பிறக்கும்போது வெளிவளைவு. ஒன்றரை, இரண்டு வயதில் நேராகிறது. அங்கேயே நிற்காமல் உட்பக்கம் சாய ஆரம்பித்து, மூன்று நான்கு வயதில் முட்டி நன்றாகவே தட்டும். அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்து, ஏழு வயதுவாக்கில் பெரியவர்களுக்கு இருக்கிற அளவுக்கு வந்து நிற்கும். பெரியவர்களுக்கும் கால் முழு நேர்க்கோடு கிடையாது. முட்டியில் ஐந்து முதல் ஏழு டிகிரி உட்சாய்வு எல்லோருக்கும் உண்டு.

அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. ஓ.பி.யில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

1973-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில், டொனால்ட் ஜோஹான்சன் என்ற ஆய்வாளருக்கு மண்ணில் ஒரு முழங்கால் மூட்டு கிடைத்தது. தொடை எலும்பின் கீழ்முனையும் கால் எலும்பின் மேல்முனையும், அவ்வளவுதான். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் தொடை எலும்பு நேராக நிற்காமல் சாய்ந்து நின்றது. மண்டை ஓடு இல்லை, பாதம் இல்லை. ஆனாலும் சுமார் 34 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அந்த உயிர் இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தது என்று சொல்ல அந்த ஒரு சாய்வு போதுமானதாக இருந்தது. 'லூசி' என்று உலகம் அறிந்த எலும்புக்கூடு அதே ஹடாரில் அடுத்த ஆண்டுதான் கிடைத்தது.

சாய்வுக்கு அப்படி என்ன மதிப்பு? சிம்பன்சி இரண்டு காலில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் போகும். அதன் தொடை எலும்பு கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் பாதங்கள் அகன்று விழுகின்றன. ஒரு காலைத் தூக்கினால் உடம்பு முழுவதையும் மறுகால் பக்கம் சாய்க்க வேண்டும். நமக்கு இடுப்பில் அகன்று தொடங்கும் தொடைகள் முட்டியில் நெருங்கிவிடுகின்றன. பாதம் உடம்பின் நடுவுக்குக் கீழேயே விழுகிறது. ஒரு கால் காற்றில் இருக்கும்போதும் நாம் விழாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த விஷயம். பிறந்த குழந்தையின் தொடை எலும்பில் இந்தச் சாய்வு இல்லவே இல்லை! எழுந்து நின்று, உடம்பின் எடை முட்டியில் இறங்கி, நடக்க நடக்கத்தான் அது உண்டாகிறது. பிறவியிலிருந்தே நடக்க முடியாமல் போன பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நேராகவே இருக்கும். முதுகெலும்பும் அப்படித்தான். பிறக்கும்போது ஒரே வில்லாக இருப்பது, தலை நிற்கும் மாதங்களில் கழுத்திலும், எழுந்து நடக்கும்போது இடுப்பிலும் எதிர்வளைவு வாங்குகிறது.

இப்படி வளைந்துகொடுக்க எலும்புக்கு எப்படி முடிகிறது என்றால், குழந்தையின் எலும்பு இன்னும் பாதி குருத்தெலும்பு. பிறக்கும்போது 270-க்கும் மேல் இருக்கிற எலும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துதான் பெரியவர்களின் 206 ஆகின்றன. நீள எலும்புகளின் முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய குருத்து அடுக்கு உண்டு. உயரம் கூடுவது அங்கேதான். தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் முட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டிலிருந்து வருகிறது. எக்ஸ்ரேயில் குருத்து தெரியாது, கறுப்புக் கோடாக இடைவெளி மட்டும் தெரியும். "எலும்பு ரெண்டா ஒடஞ்சிருக்கு" என்று பதறி வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

அதனால்தான் கீழே விழுந்த குழந்தையின் கையையோ காலையோ உருவாதீர்கள், இழுத்துக் கட்டாதீர்கள் என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். பெரியவர்களுக்குச் சுளுக்கு விழுகிற இடத்தில் குழந்தைக்கு இந்தத் தட்டு நகர்ந்துபோகலாம். தட்டு கெட்டுப்போனால் அந்தக் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும், அது தெரியவருவதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருக்கும்.

வாக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையை நடுவில் உட்காரவைக்கும் சக்கர வாக்கரைச் சொல்கிறேன். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. இங்கே சீர்வரிசையில் வைக்கிறோம். நம் மர நடைவண்டி வேறு ஜாதி. அதில் குழந்தை தானே நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டும். முட்டி தட்டுவதற்கென்று விற்கும் விசேஷ ஷூவுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். கால் தானாகச் சரியாகிற காலத்தில் அதைப் போட்டுவிட்டு, ஷூ சரிசெய்தது என்று நம்புகிறோம்.

எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், இரண்டு வயதுக்குப் பிறகும் வெளிவளைவு கூடிக்கொண்டே போனால், நொண்டினால், இரவில் ஒரே இடத்தில் வலி என்று அழுதால், ஏழு எட்டு வயதாகியும் கணுக்கால் இடைவெளி 8 சென்டிமீட்டரைத் தாண்டினால், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கட்டு தடித்து, வயதுக்கேற்ற உயரமும் இல்லையென்றால் அது ரிக்கெட்ஸாக, அதாவது வைட்டமின் டி பற்றாமல் எலும்பு உறுதியில்லாமல் போகும் நோயாக, இருக்கலாம். தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு. அதனால்தான் முதல் ஒரு வருஷம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதித் தருகிறோம். பாட்டில் பாதியிலேயே ஃபிரிட்ஜ் கதவில் நின்றுவிடுகிறது. தருமபுரிப் பக்கத்துக் குடும்பம் என்றால் என் முதல் கேள்வி, "குடிக்கிற தண்ணி போர் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கும் கால் வளையும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பிரச்சினைக்காகத்தான்.

அந்தப் பையனிடம் இதில் ஒன்றும் இல்லை. சீட்டில் தேதி போட்டு '5 செ.மீ.' என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச்சொன்னேன். "மருந்து?" என்றார் பாட்டி. "ஒண்ணும் வேணாம்மா. விளையாட விடுங்க."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டலாமா டாக்டர்?"

"தாராளமா. கால மட்டும் இழுக்காதீங்க."