சொல் விளக்கம்: படுக்கையோர உறைவுச் சோதனை

பிரசவ அறையில் ‘பெட்சைட் க்ளாட்டிங் டெஸ்ட்’ என்றால் ஒருவர் கண்ணாடிக் குழாயை நினைப்பார், இன்னொருவர் டெக் (TEG), ரோட்டெம் (ROTEM) போன்ற உறைவை அளக்கும் கருவியை நினைப்பார். முதலாவது, இரத்தம் உறைகிறதா என்று கண்ணால் பார்ப்பது. இரண்டாவது, உறைந்தது எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று அளப்பது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது.

‘கோயாகுலேஷன்’ லத்தீனின் ‘கோயாகுலம்’ என்பதிலிருந்து வந்தது. பாலைத் திரியச் செய்யச் சேர்க்கும் பொருளுக்கு அங்கே அதுதான் பெயர். தமிழிலும் பால் உறைகிறது, அதற்கு உறைமோர் இருக்கிறது. ஆகவே ‘குருதி உறைதல்’ நமக்கு இயல்பாகவே பொருந்திய சொல். ‘க்ளாட்’ என்பதற்கு ‘இரத்தக்கட்டி’ என்பதைவிட ‘உறைகட்டி’ நல்லது. தையலுக்கு அடியில் இரத்தம் தேங்கி வீங்குவதையும் பலர் இரத்தக்கட்டி என்றே சொல்கிறார்கள்.

கருவி வகைக்கு மூலப்பெயர் ‘த்ராம்போஎலாஸ்டோகிராஃபி’. கிரேக்கத்தில் ‘த்ராம்போஸ்’ கட்டி, ‘கிராஃபீன்’ எழுதுதல், நடுவில் மீள்தன்மை. 1948-இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹார்டெர்ட் இதை விவரித்தார். கிண்ணத்தில் இரத்தம், அதற்குள் ஒரு தண்டு. கிண்ணம் இருபுறமும் மெல்லத் திரும்பும்போது, உருவாகும் இழைகள் தண்டையும் சேர்த்து இழுக்கின்றன. அந்த இழுப்பே வரைபடமாக விரிகிறது. ரோட்டெமில் கிண்ணம் அசையாது, தண்டுதான் திரும்பும். தமிழில் இதை ‘உறைவுறுதி வரைவு’ என்றும், குழாய்ச் சோதனையை ‘உறைநேரச் சோதனை’ என்றும் பிரித்துச் சொல்லலாம். பிரசவ இரத்தப்போக்கில் முதலில் தெரிய வேண்டியது உறுதிதான். அதைத் தருவதில் முக்கியமானது ஃபைப்ரினோஜன் என்ற புரதம். பெரும் இரத்தப்போக்கில் மற்ற உறைவுக் காரணிகளுக்கு முன்பே பெரும்பாலும் அது குறைந்துவிடுகிறது, ஆய்வகத்தில் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் இரண்டும் அப்போதும் இயல்பாகவே இருக்கக்கூடும்.

குழாய்ச் சோதனையை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இப்படிச் சொல்கிறது: சுத்தமான, உலர்ந்த, சுமார் 10 மி.மீ. அகலமும் 75 மி.மீ. உயரமும் உள்ள சாதாரணக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை இரத்தம். உடல் வெப்பம் கிடைக்க அதை மூடிய கைக்குள் பிடிக்க வேண்டும். 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிறகு குழாயைக் கவிழ்த்தாலும் இரத்தம் வழியாத நிலை வரும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை. 7 நிமிடம் ஆகியும் உறையாவிட்டாலோ, எளிதில் உடைந்துபோகும் மென்கட்டியாக இருந்தாலோ உறைவுக் கோளாறு எனக் கொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் குழாய் இதற்கு ஆகாது. கண்ணாடியின் பரப்பு உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் அந்த அளவுக்குத் தூண்டாது, நல்ல இரத்தமும் தாமதித்து உறையும். சோப்பு எச்சம் ஒட்டியிருந்தாலும் முடிவு பிசகும். திரவம் ஏறும் கையிலிருந்து இரத்தம் எடுத்தால், இல்லாத குறையைக் காட்டும்.

கருவிக்கு இரத்தம் எடுக்கும் குழாயில், உறையாமல் தடுக்கும் சிட்ரேட் இருக்கும்; அதில் குறியிட்ட அளவுவரை இரத்தம் நிரம்ப வேண்டும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ரோட்டெமின் ஃபிப்டெம் என்ற சோதனையில் தட்டணுக்களின் பங்கை மருந்தால் முடக்கிவிடுவதால், மிஞ்சும் உறுதி பெரும்பாலும் ஃபைப்ரினோஜனுடையது. உறையத் தொடங்கி 5-ஆவது நிமிடத்தில் வரைபடத்தின் வீச்சே, அதாவது அகலமே ‘ஏ-5’. அது ஏறக்குறைய 12 மி.மீ. என்றால், ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு சுமார் 2 கிராம்.

ஒரு சோதனையை மகப்பேறுக்கு ஏற்பதற்கு முன் பார்க்க வேண்டியது முதலில் எல்லைக்கோடு. நிறைமாதத்தில் ஃபைப்ரினோஜன் பொதுவாக லிட்டருக்கு 4 முதல் 6 கிராம். கர்ப்பமில்லாதவர்க்கு 2 முதல் 4. எனவே அறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சாகும் 2 கிராம், இரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கு அபாயக் குறி. அடுத்து, இரத்தப்போக்கு உள்ள பெண்களிடமே, ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தில், ஆய்வகத்தில் ஃபைப்ரினோஜனை அளக்கும் கிளாஸ் (Clauss) முறையோடு ஒப்பிட வேண்டும். ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடம் மட்டும் ஒத்துப்போவது போதாது. குறையும் இடத்தில்தான் தவறவிடக் கூடாது. எத்தனை குறைகளைத் தவறவிட்டது, இரத்தம் எடுத்ததிலிருந்து முடிவெடுக்கும் வரை எவ்வளவு நேரம், நள்ளிரவுப் பணியில் இருப்பவருக்கும் ஓட்டத் தெரியுமா என்பவை, இரு முறைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண்ணைவிட முக்கியம்.

எண் குறைந்தால் உடனே மருந்து என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பிரசவ இரத்தப்போக்கு பற்றி 2017-இல் வெளியான ஓ.பி.எஸ்.-2 ஆய்வில் ஏ-5 அளவு 15 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு ஃபைப்ரினோஜன் செறிவு மருந்து கொடுத்ததில், இரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை, 12 மி.மீ.க்கு மேல் இருப்பவருக்கு அது தேவையில்லை என்பதே அதிலிருந்து கிடைத்த குறிப்பு.

கருவி இரத்தத்தை 37 பாகைக்குச் சூடாக்கியே அளக்கிறது. தாயின் உடல் குளிர்ந்திருந்தால் அதனால் வரும் கோளாறு வரைபடத்தில் தெரியாது. ஆஸ்பிரின் விளைவும், பெரும்பாலும் பரம்பரையாக வரும் இரத்தப்போக்குக் கோளாறான வான் வில்லிபிராண்ட் நோயும் தப்பிப் போகலாம். வரைபடம் நன்றாக இருந்தும் இரத்தம் நிற்கவில்லை என்றால் பிளாஸ்மாவுக்கு ஓடுவதைவிடக் கருப்பை இறுகியிருக்கிறதா, நஞ்சுக்கொடி முழுதும் வெளியேறியதா, கிழிசல் உண்டா என்று மறுபடி பார்க்க வேண்டும்.