20 என்று எழுதிய வேகப் பலகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது

மலைச் சாலைகளை வடிவமைப்பதும் விபத்து நடந்த வளைவுகளை ஆய்வு செய்வதும் என் வேலை. கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த வண்டியைப் பார்க்கப் போனால், பிழைத்த ஓட்டுநர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: "வளைவுல வண்டிய வெளிய தூக்கி வீசிடுச்சு சார்." வீசியது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஏனென்றால் யாரும் வீசவில்லை.

ஓடுகிற வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். வளைவில் ஸ்பீடாமீட்டர் முள் 30-இல் அசையாமல் நின்றாலும் வண்டியின் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. திசை மாறினாலே அங்கே முடுக்கம் உண்டு. அது வளைவின் மையத்தை நோக்கி, உள்பக்கமாக இருக்கும். அதற்குத் தேவையான இழுப்பைத் தருவது டயருக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள பிடிமானம். ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். சாலையை உள்பக்கமாகச் சரித்துப் போடுகிறோமே, அதுவும் கொஞ்சம் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தும் போதவில்லை என்றால் வண்டி வளையாமல் தன் போக்கில் போகிறது. பள்ளம் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு இழுப்பு வேண்டும்? வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் குறைந்தது மணிக்கு 20 கி.மீ. இந்தக் கணக்கில் வரும் முடுக்கம் புவியீர்ப்பில் சுமார் 22 சதவீதம். டயர் பிடிமானத்துக்கு 15, சாலைச் சரிவுக்கு 10, ஆக 25 வரை எடுத்துக்கொள்கிறோம். 20 கி.மீ. அதற்குள் அடங்குகிறது. பலகையில் 20 என்று எழுதுவது அதனால்தான். அதே வளைவில் 30-இல் போனால் 50 சதவீதம் வேண்டும். 40-இல் போனால் 90. வேகம் இரண்டு மடங்கு, தேவை நான்கு மடங்கு.

"நான் தினமும் 30-லதானே போறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காய்ந்த, நல்ல தார்ச்சாலையில் டயர் 70 சதவீதம் வரைகூடத் தாங்கும். நாங்கள் 15 மட்டுமே கணக்கில் எடுப்பதால்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள். மீதியை வைத்திருப்பது மழைக்கும், வளைவில் சிந்திய டீசலுக்கும், மண்ணுக்கும், தேய்ந்த டயருக்கும். தினமும் போகிறவர் அந்தச் சேமிப்பைத்தான் செலவு செய்கிறார். என்றைக்கு மழை பெய்யும் என்பது அவர் கையில் இல்லை.

பைக்கில் போகிறவர்களுக்கு இதே கணக்கு சாய்வாகத் தெரியும். 20-இல் 13 டிகிரி சாய்ந்தால் போதும். 40-இல் 42 டிகிரி சாய வேண்டும். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் மணல் கிடந்தால் போதாதா?

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் மிதிப்பது இன்னொரு வினை. டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். அதைத் திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் பங்கு போட்டால் இரண்டுக்குமே பற்றாது. வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கச் சொல்லும் பழைய ஓட்டுநர்களின் பாடத்தில் இதுவும் அடங்கியிருக்கிறது. எதிரே வண்டி ஏறி வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. பலருக்கு இது தெரிவதே இல்லை.

லாரி, பஸ் கதை வேறு. உயரமாக லோடு ஏற்றிய லாரி சறுக்கும்வரை காத்திருக்காது. தேவை 40 சதவீதத்தைத் தொடும்போதே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடலாம். அதாவது கார் 30-இல் தப்பிக்கும் வளைவில் லாரி கவிழும். பஸ் கூரையில் மூட்டை ஏற்றினாலும் இதே ஆபத்துதான். டேங்கர் இன்னும் மோசம்: பாதி நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கிற தண்ணீரோ எண்ணெயோ வளைவின் வெளிப்பக்கம் ஒதுங்கி, கவிழ்வதற்கு உதவி செய்யும். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவர்கள் பலகையில் இருக்கும் 20-க்கும் கீழேயே போவது நல்லது.